பிடித்தவன் சும்மா நிற்கமாட்டான்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லைப் பக்கம் இருக்கும் விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்தில் தற்காப்புக் கலைக்குப் பஞ்சம் கிடையாது. அடிமுறையும் வர்மமும் சிலம்பமும் தலைமுறை தலைமுறையாக இருப்பவை. கேரளத்துப் பாறசாலையைத் தாண்டினால் களரி. அதற்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே, ஜிம் மாடியில் கிக்பாக்ஸிங். பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "நாளைக்கு ஒருத்தன் வம்புக்கு வந்தா தன்னைக் காப்பாத்திக்கணும்ல." நியாயமான ஆசைதான். ஆனால் இரண்டு வருடம் வகுப்புக்குப் போய்ப் பச்சை பெல்ட் கட்டிய பிள்ளையிடம், உன் கையை ஒருவன் பிடித்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். அது பதில் சொல்லி முடிப்பதற்குள் நீங்களே கையைப் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். அநேகமாகத் திகைத்து நிற்கும். பிள்ளையின் மேல் தப்பு சொல்ல முடியாது. வகுப்பில் அதன் கையைப் பிடித்தவர்கள் எல்லாரும் பிடித்துவிட்டுச் சும்மா நின்றவர்கள்.

நிஜ வன்முறைக்குத் தயாராவது என்று சொல்லும்போது மூன்று விஷயங்கள் உள்ளே வரும். அடி விழுவதற்கு முன்னால் நடப்பது, அடி விழும்போது நடப்பது, அதற்குப் பிறகு நடப்பது. நம் ஊர் வகுப்புகளில் நடுவில் இருப்பதை மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். அதையும் ஒத்துழைக்கிற ஆளை எதிரே நிறுத்தித்தான் சொல்லித் தருகிறார்கள். இந்தக் கட்டுரை மீதியைப் பற்றியது.

எதற்குத் தயாராகிறோம்?

எல்லா வன்முறையும் ஒரே மாதிரி வருவதில்லை. பேசுவதற்கு வசதியாக மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, மானச் சண்டை. சந்தையில் பைக் உரசிவிடும், கோயில் கொடையில் யாரோ யாரையோ இடித்துவிடுவார்கள், டாஸ்மாக் வாசலில் ஒரு பார்வை. இதற்கு ஒரு படிக்கட்டு உண்டு. முதலில் முறைப்பு. அப்புறம் "என்னடே பாக்க?" அப்புறம் நெருங்கி வருதல், நெஞ்சில் கை வைத்துத் தள்ளுதல், அதற்குப் பிறகு அடி. சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாதிக் காரணமே அவர்கள்தான். இந்த வகையில் எந்தப் படியிலும் இறங்கிவிட முடியும். "சாரி அண்ணே, கவனிக்கல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். எதிராளிக்கும் மானத்தோடு விலக ஒரு வழி விட வேண்டும். "போடா, நீயெல்லாம் ஒரு ஆளா" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினால் அது பின்வாங்கியதாக ஆகாது. என்னைக் கேட்டால், நம் வட்டாரத்து வாலிபர்களுக்கு முதல் மாதம் முழுக்க இதை மட்டும் பழக்கினால் போதும், பாதி அடிதடி குறையும். ஒரே குத்தில் விழுந்தவன் தார்ரோட்டில் பின்மண்டை அடிபட்டுச் செத்துப்போவது உண்டு. குத்தியவன் கொல்ல நினைத்திருக்கவே மாட்டான். ஆனாலும் வழக்கு அவன் மேல்தான்.

இரண்டாவது, இரை தேடி வருபவன். இவனுக்கு வேடிக்கை பார்க்க யாரும் வேண்டாம், யாரும் இல்லாத இடம்தான் வேண்டும். விடிவதற்கு முன்னால் தலையில் லைட் மாட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், முதல் பஸ்ஸுக்கு மீன் கூடையோடு நிற்கிற அம்மாக்கள், ராத்திரி ரயிலில் இறங்கித் தனியாக வீட்டுக்கு நடக்கிற மாணவிகள் என்று தனியாக இருப்பவர்களைத்தான் பார்ப்பான். சண்டைக்கு இழுக்க மாட்டான். "இந்த வழி குழித்துறைக்குப் போகுமா?" என்று சாதாரணமாகக் கேட்டபடி நெருங்குவான். இவனிடம் மன்னிப்பும் பணிவும் எடுபடாது. இவன் வேண்டுவது பொருளா ஆளா என்பதுதான் இங்கே கேள்வி. பொருள் என்றால் கொடுத்துவிடுங்கள், செயினாக இருந்தாலும். ஓடும் பைக்கிலிருந்து இழுக்கப்படும் செயினைக் கெட்டியாகப் பிடித்தால் ரோட்டில் இழுபடப் போவது உங்கள் உடம்பு. "சத்தம் போடாம கூட வா" என்று வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போகப் பார்த்தால் கதை வேறு. அந்த இரண்டாவது இடத்தை அவன் தன் வசதிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறான். கத்துவது, கடிப்பது, உதைப்பது, ஓடுவது எதுவானாலும் முதல் இடத்திலேயே, இருக்கும் பலத்தை எல்லாம் கொட்டிச் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகையைப் பற்றி வகுப்புகளில் பேச்சே வராது. தெரிந்தவர்களால் வருவது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், காதலிப்பதாகச் சொன்னவர். இருட்டுச் சந்தில் முகமூடிக்காரன் பாய்கிற மாதிரி மட்டும் பழகுகிற வகுப்பு இந்தப் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடுகிறது. தெரிந்தவனுக்கு எதிராக முதலில் தடுமாறுவது கை இல்லை, மனசு. "மாமா ஆச்சே, தப்பா நெனச்சிட்டேனோ", "சத்தம் போட்டா வீட்டுல பிரச்சினை ஆகுமே" என்கிற தயக்கம். தாக்குகிறவன் நம்பியிருப்பதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

இதற்குப் பயிற்சி பலன் தருமா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் சார்லீன் சென் என்ற உளவியலாளர் தலைமையில் நடந்த ஆய்வு 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குத் தகவல் பிரசுரங்கள் மட்டும். ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். பயிற்சியின் உள்ளடக்கம்தான் கவனிக்க வேண்டியது. அடிப்பதும் உதைப்பதும் அந்த 12 மணி நேரத்தில் ஒரு சிறு பகுதிதான். மீதியெல்லாம் தெரிந்த ஆணிடம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது, 'நல்ல பெண் இப்படிச் சத்தம் போடமாட்டாள்' என்கிற உள்தடையை உடைப்பது, தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெளிவது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயிற்சி எடுக்காததால் நடந்தது என்று பாதிக்கப்பட்டவரைச் சொல்வது அயோக்கியத்தனம். குற்றம் செய்தவனுடையது.

உடம்பு அந்த நேரத்தில் என்ன செய்யும்?

பயம் வந்தவுடன் அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், கைவிரல் நடுங்கும். பார்வை ஒடுங்கி எதிரே இருக்கும் முகமோ கத்தியோ மட்டும் தெரியும். பக்கத்தில் இருந்து கத்துகிறவர் குரல் கேட்காமல் போகலாம். நேரம் இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். சிலர் அப்படியே உறைந்து நிற்பார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர் அந்த இடத்தில் நின்றதில்லை. உடம்பின் மிகப் பழைய எதிர்வினைகளில் அதுவும் ஒன்று, யாருக்கும் வரும்.

இதனால் பயிற்சிக்கு இரண்டு விளைவுகள் உண்டு. நுணுக்கமான விரல்வேலை அந்த நேரத்தில் கைகொடுக்காது. கட்டைவிரலை இப்படி மடக்கி, மணிக்கட்டை அப்படித் திருகி, கால் பெருவிரலால் அங்கே அழுத்தி என்று ஐந்து படி உள்ள பூட்டு, அமைதியான மாலையில் வரும், நடுங்குகிற கைக்கு வராது. பெரிய தசைகளின் வேலைகள் தாங்கும்: தள்ளுவது, உள்ளங்கை அடி, முழங்கை, முட்டி, தலையை இரண்டு கையாலும் மூடிக்கொள்வது, கீழே விழுந்தால் எழுந்து ஓடுவது. முஷ்டியை விட உள்ளங்கையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழகாதவர் மண்டையில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைவது சகஜம்.

இரண்டாவது, தெரிந்த வித்தை கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும். 1952இல் ஹிக் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் அளந்து காட்டியது இது. ஒரு தாக்குதலுக்கு ஏழு பதில் தெரிந்தவர் எது என்று யோசிப்பதற்குள் நேரம் போய்விடும். நாலைந்து வித்தை, ஆனால் தூக்கத்தில் கேட்டாலும் வருகிற அளவுக்குப் பழகியது போதும்.

எதிர்க்கிற ஆள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். மைதானத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவரை மார்த்தாண்டம் மார்க்கெட்டில் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் வண்டி ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? எட்டுப் போட்டது வீண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மார்க்கெட்டில் மற்ற வண்டிகளும் ஓடுகின்றன, அவற்றின் டிரைவர்களுக்கும் அவசரம். தற்காப்பு வகுப்பில் விட்டுப்போவது அந்த மற்ற வண்டிகள்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இதை நூறு வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டவர். 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சு முறைகளில் கண்ணைக் குத்துவது, மூட்டை உடைப்பது என்று ஆபத்தான வித்தைகள் ஏராளம். ஆபத்தானவை என்பதாலேயே அவற்றை முழு வேகத்தில் யாரோடும் பழக முடியாது, பாவனை மட்டும்தான் காட்ட முடியும். கானோ அவற்றைக் கட்டா என்கிற வரிசைமுறைக்குள் வைத்துவிட்டு, முழு பலத்தோடு பழகினாலும் கூட்டாளி மறுநாள் நடமாடக்கூடிய வித்தைகளை மட்டும் தினசரிச் சண்டைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார். 'குறைந்த ஆபத்துள்ள' வித்தையை எதிர்க்கிற ஆளிடம் ஆயிரம் தடவை பழகியவர், 'கொடிய' வித்தையைக் காற்றில் பழகியவரைவிட நிஜத்தில் ஆபத்தானவர். அமெரிக்கப் பயிற்சியாளர் மேட் தோர்ன்டன் இதையே பின்னால் சுருக்கமாக வகுத்தார். பயிற்சியில் எதிராளி நகர வேண்டும், அவனுடைய நேரக்கணக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது, அவனிடம் உண்மையான பலம் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அதைப் பயிற்சி என்பார்.

கைப்பிடியை விடுவிப்பதையே எடுத்துக்கொள்வோம். எல்லா வகுப்பிலும் முதல் நாள் பாடம். பிடித்தவனின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக உங்கள் கையை உருவ வேண்டும். இது உண்மையிலேயே நல்ல வித்தை. முதல் படியில் கூட்டாளி சாதாரணமாகப் பிடிக்கட்டும், நீங்கள் உருவுங்கள். அடுத்து அவர் பிடியை இறுக்கட்டும். அப்புறம் இறுக்கியபடி இழுத்துக்கொண்டு நடக்கட்டும், கதவு வரைக்கும் உங்களைக் கொண்டுபோய்விட்டால் அவர் ஜெயித்தார். அடுத்த கட்டத்தில் இன்னொரு கையால் தலைமுடியையோ சட்டையையோ பிடிக்கட்டும். அப்போதுதான் தெரியும், வெறும் உருவல் போதாது, முதலில் கால் ஊன்றி நிற்க வேண்டும், அவர் கவனத்தை ஓர் அடியால் சிதறடிக்க வேண்டும், உருவிய மறுநொடி திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்பது. கடைசிப் படியில் உங்களிடம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே, எப்போது பிடிப்பார் என்று சொல்லாமல் பிடிக்கட்டும். வித்தை முதல் நாள் கற்றதேதான். ஆனால் இப்போது அது உங்களுடையதாகிவிட்டது. தோற்றுத் தோற்றுத்தான் அந்த இடத்துக்கு வர முடியும். தோற்கவே விடாத வகுப்பில் யாரும் அங்கே போய்ச் சேரமாட்டார்கள்.

இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனவர்கள் உண்டு. 1970களில் அமெரிக்காவில் தொடங்கிய 'மாடல் மக்கிங்' பயிற்சியில் தலை முதல் கால் வரை கனமான பஞ்சுக்கவசம் போட்ட ஒருவர் தாக்க வருவார். கெட்டவார்த்தை பேசுவார், கீழே தள்ளுவார். கற்கிற பெண் அவரை முழு பலத்தோடு தலையிலும் கவட்டையிலும் அடிக்கலாம். அந்தப் படபடப்பு உண்மையானது என்பதால், அதற்குள் இருந்தபடியே இயங்கும் பழக்கம் உடம்புக்கு வருகிறது. அந்த உடுப்பு நம் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒரு ஹெல்மெட், கிக்பாக்ஸிங் பேட், மவுத் கார்டு, மெத்தை இருந்தால் அதில் பாதியைச் செய்துவிடலாம்.

அப்படியானால் அடிமுறையை என்ன செய்வது?

தூக்கிப் போடச் சொல்லவில்லை. வடக்கன் களரியில் மெய்ப்பயிற்சி, கோல், வாள் எல்லாம் கடந்துதான் வெறுங்கைக்கு வருவார்கள். நம் பக்கத்து அடிமுறையிலோ வெறுங்கைதான் தொடக்கம். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்கிற அடவு வரிசைகள் தருகிற கால்நடை, உடல்சமநிலை, மூச்சு, பக்கவாட்டில் விலகி நுழையும் கோணம் எல்லாம் அசலான சொத்து. கோயில் கொடையில் ஆடிக்காட்டுவதற்கு மட்டும் சுவடு பழகுகிற இடத்தில்தான் குறை வருகிறது. பழைய ஆசான்கள் எதிரே ஆள் நிறுத்தி அடி கொடுத்தும் வாங்கியும்தான் பழக்கினார்கள். தடுக்கத் தவறினால் கம்பு காலில் விழும். அந்த ஆளைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் உருமி என்கிற சுருள்வாள் சுழற்றிய கேரளத்துக் களரி ஆசான் வடகரை மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்ததை எல்லாரும் பார்த்தோம். அந்த வயதில் அந்தக் கால் நிலைப்பு, நேர் எதிரே ஆள் வைத்துப் பல்லாண்டு பழகியதில் வந்தது.

வர்மத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். உடம்பில் படுவர்மப் புள்ளிகள் 12, தொடுவர்மப் புள்ளிகள் 96, ஆக 108 என்பது மரபுக் கணக்கு. வைத்தியத்தில் அதன் இடம் தனி, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 'இந்த இடத்தைத் தொட்டால் ஆள் விழுந்துவிடுவான்' என்பதை நம்பித் தற்காப்பைக் கட்டாதீர்கள். சட்டை போட்டு, வியர்த்து, நகர்ந்துகொண்டே, குடித்திருக்கும் ஒருவன் மேல் காசளவு இடத்தைத் தேடிப் பிடிப்பது நடுங்கும் விரலுக்கு ஆகிற காரியம் இல்லை. தொண்டை, கண், கவட்டை, முழங்கால் போன்ற சுலபமாகத் தெரிகிற இடங்கள் எந்த மரபிலும் ஒன்றேதான்.

கத்தி பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெறுங்கையால் கத்தியைப் பறிக்கும் காட்சியைப் போல ஆளைக் கொல்லும் பாடம் வேறு இல்லை. சால்ட் லேக் சிட்டி போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் எழுதிய கணக்கு ஒன்று இன்றும் போலீஸ் பயிற்சிகளில் பேசப்படுகிறது: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். உறையில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடவே அவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் அவர் சொன்னது. மரபான களரிக்கூடத்தின் நீளம் 42 அடி, அகலம் 21 அடி. களரிக்குள் நிற்பவருக்கு அந்த தூரம் கண்ணெதிரே இருக்கிறது. அகலவாட்டில் ஒரு சுவரில் நின்று எதிர்ச்சுவருக்கு ஓடிப் பாருங்கள், ஒன்றரை விநாடி என்றால் என்ன என்று புரிந்துவிடும். நம் பக்கத்தில் வெட்டுக்கத்தியும் ரப்பர் வெட்டும் கத்தியும் வீட்டுக்கு வீடு உண்டு. கத்தி வெளியே வந்தால் தூரம், நடுவில் ஒரு மேஜை அல்லது பைக், கையில் கிடைக்கும் நாற்காலி, ஓட்டம் என்ற வரிசையில் யோசிக்கப் பழகுங்கள். கத்திப் பயிற்சி செய்கிற வகுப்பில் மார்க்கர் பேனாவைக் கத்தியாகக் கொடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுப் பழகச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குப் பிறகு சட்டையில் எத்தனை கோடு என்று பார்த்தால் பறிக்கும் ஆசை தானாகவே அடங்கும்.

அடிக்கு முன்னால்

தூரம்தான் முதல் பாதுகாப்பு. பேசுகிறவன் கை நீட்டினால் உங்களைத் தொட முடியாத இடத்தில் நில்லுங்கள். அவன் நெருங்கினால் இரண்டு கையையும் நெஞ்சுயரத்தில், உள்ளங்கை வெளியே தெரிய, சமாதானம் பேசுவது போலத் தூக்குங்கள். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து இரவு விடுதிகளில் வாசல்காவலராக இருந்த ஜெஃப் தாம்சன் இதை 'வேலி' என்ற பெயரில் பரப்பினார். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சண்டையைத் தவிர்ப்பதாகத் தெரியும், கையோ முகத்துக்கு முன்னால் தயாராக இருக்கும். அந்த வேலியை அவன் இரண்டாவது முறை தள்ளிவிட்டு நெருங்கினால் பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குரலையும் பழக வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பார்த்தால் வராது. முதல் நாள் பெரும்பாலானவர்களுக்குத் தொண்டையில் இருந்து முனகல்தான் வரும். "அங்கேயே நில்லு!" என்று வயிற்றிலிருந்து கத்திப் பழகுங்கள். எல்லையில் இருக்கிறவர்கள் இரண்டு மொழியிலும் பழகுவது நல்லது. களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் "ஓடி வாங்க" என்றாலும் "ஓடிவாயோ" என்றாலும் திரும்பிப் பார்க்க ஆள் உண்டு. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தினால் ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று நிற்பார்கள். ஒருவரைக் குறி வைத்துச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணே, இவன் யாருன்னு எனக்குத் தெரியாது, போலீஸைக் கூப்பிடுங்க." தெரியாது என்று சேர்த்துச் சொல்வது முக்கியம், இல்லாவிட்டால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று விலகிப்போவார்கள்.

அடிக்குப் பின்னால்

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, எல்லைகளோடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை. உங்கள் உடம்பை மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பைக் காப்பதற்கும் உரிமை உண்டு. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், வன்புணர்வு, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற சில தாக்குதல்களில் தாக்கியவன் செத்துப்போனாலும் அது தற்காப்புக்குள் வரலாம் என்கிறது 38ஆம் பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை அணுக நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்கிறது 37. அச்சம் இருக்கும்வரைதான் உரிமை. அவன் விழுந்துவிட்டான், கத்தி தூரப் போய்விட்டது, அதற்குப் பிறகு நீங்கள் மிதித்தால் குற்றவாளி நீங்கள். 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கைகளைத் தொகுத்துச் சொன்னது. ஆபத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்துப் போட முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆகவே பயிற்சியில் நிறுத்துவதையும் பழக வேண்டும். கூட்டாளி பின்வாங்கியவுடன் அடியும் நிற்க வேண்டும், கால் வாசலைப் பார்த்து ஓட வேண்டும்.

ஓடிப் பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் உடம்பைத் தடவிப் பாருங்கள். அட்ரினலின் இருக்கும்போது குத்துப்பட்டது தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. 112ஐக் கூப்பிடுங்கள். எல்லையோரத்தில் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் முதல் வாக்கியத்திலேயே மாநிலம், ஊர், பக்கத்தில் உள்ள அடையாளம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு 181ம் உண்டு. காயம் சின்னதானாலும் அரசு ஆஸ்பத்திரியில் காட்டி ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள்.

"அது பாறசாலை லிமிட், நீங்க அங்க போங்க" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் போக வேண்டியதில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். அங்கே பதிந்து, சரியான ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பிரிவு வேறு இருக்குமா தெரியவில்லை.

வகுப்பு தேடும்போது

சேருவதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த இடம் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மூத்த மாணவர்கள் எப்போதாவது தடுமாறுகிறார்களா? எல்லாருடைய வித்தையும் எப்போதும் பலித்துக்கொண்டே இருந்தால் அது நாட்டியம். எதிர்மாறாக, முதல் வாரமே முகத்தில் குத்து வாங்க வைக்கும் இடமும் ஆகாது. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவது மூளைக்குக் கேடு, அதை வீரம் என்று விற்பவரை நம்ப வேண்டாம். எதிர்ப்பு படிப்படியாகக் கூட வேண்டும், தலைக்கு வரும் அடி மெதுவாக இருக்க வேண்டும், 'போதும்' என்று தட்டினால் உடனே விட வேண்டும். 'போதும்' என்ற சொல்லை மதிக்காத ஆசானிடம் தற்காப்பு கற்பதில் அர்த்தம் இல்லை. பெண்கள் வகுப்பில் தொடுவதற்கு முன் கேட்கிறாரா என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

ஒரே நாளில் தற்காப்பு கற்றுத்தருகிறோம் என்ற விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விழிப்புணர்வுக்கு ஒரு நாள் நல்லது, திறமைக்குப் போதாது. கேரளப் பக்கம் இருக்கிறவர்கள், அந்த மாநிலப் போலீஸ் பெண்களுக்கு இலவசமாக நடத்தும் தற்காப்புப் பயிற்சியை முதலில் விசாரிக்கலாம். ஜூடோ, பாக்ஸிங், மல்யுத்தம் போன்ற விளையாட்டுகளில் ஏதாவது ஒன்றில் சில மாதம் இருந்தாலும் எதிர்க்கிற உடம்பு எப்படி இருக்கும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். சட்டமும் குரலும் தூரமும் அங்கே சொல்லித்தர மாட்டார்கள், அதை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்புக்கு வழி இல்லாதவர்கள் அக்காவோ தங்கையோ நண்பரோ ஒருவரைக் கூட்டு சேர்த்து, வாரம் இரண்டு நாள் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மெத்தை அல்லது மணல் தரை, வாட்ச் மோதிரம் கழற்றி வைத்தது, நகம் வெட்டியது. முதல் ஐந்து நிமிடம் குரல். அடுத்த ஐந்து, கைப்பிடியும் கதவு வரை இழுப்பதும். கடைசி ஐந்து, மல்லாந்து விழுந்த நிலையிலிருந்து, ஒருவர் மேலே வரவிடாமல் காலால் தள்ளித் தடுத்து எழுந்து ஓடுவது. வாரத்துக்கு வாரம் பிடிக்கிறவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டட்டும், பத்தில் நாலு தடவையாவது நீங்கள் தோற்கிற அளவுக்கு. தோற்காத வாரம் வந்தால் வேறு கூட்டாளியைத் தேடுங்கள், கொஞ்சம் கனமானவராக.